ஆன்மேரி போட்ட ஒயின்

டொப்.

இருட்டி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. சத்தம் அடுப்படியில் இருந்து வந்தது. பின்னாலேயே 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. அப்புறம் சொட்டு, சொட்டு, சொட்டு.

ஆன்மேரி எட்டு மாசப் பாப்பாவை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். பல்லி விழுந்தாலே ஜெபமாலையைத் தேடுகிறவள் அவள்.

"ஜினோ, உள்ள யாரோ இருக்காங்க. நீங்க முன்னால போங்க."

"நீ லைட்டைப் போடு, நான் போறேன்," என்றான் கணவன், நின்ற இடத்திலேயே.

லைட்டைப் போட்டார்கள். திருடன் இல்லை. சுவரெல்லாம் ஊதா. மிக்ஸி ஊதா. சீலிங்கில் ஒரு திராட்சைத் தோல் ஒட்டிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்காக முப்பது நாளாக ஊறிய ஒயின் ஜாடி, மூடியைத் துப்பிவிட்டுத் தரையில் இரண்டாகக் கிடந்தது.

"மூடியை இறுக்கியா மூடின?"

"எறும்பு ஏறிரும்னு பயமா இருந்துச்சு. டேப் போட்டும் சுத்தினேன்."

ஜினோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அழுகை.

நாளைச் சாயங்காலம் எழுமலையில் இருந்து மாமியார் வருகிறார். ரிட்டையர்டு ஆரோக்கியம் டீச்சர். முப்பது வருசமாக அவர் போடும் ஒயினுக்குச் சொந்தபந்தத்தில் அப்படி ஒரு பேர். இந்த வருசம், "என் மருமக போடுறா, வந்து குடிச்சுப் பாருங்க" என்று திருநகர்ச் சொந்தக்காரர்களை எல்லாம் அவரே அழைத்திருக்கிறார். கல்யாணமாகி வந்து ஆன்மேரி அவரிடம் வாங்கிய முதல் நல்ல மார்க் அதுதான். அதுவும் போனால் எல்லாப் பாடத்திலும் ஃபெயில்.

"நீங்க போய் ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்க."

"நானா? திருமங்கலம் கடையில பில் போடுறவன் அம்மாகிட்டப் படிச்சவன். பழங்காநத்தம் கடையில வாசல்ல நிக்கிறவன் அம்மாகிட்ட அடி வாங்குனவன். நான் படியேறுறதுக்குள்ள எழுமலைக்குப் போன் போயிரும்."

"பெரிய ஹோட்டல்ல?"

"அங்கேயே உக்காந்து குடிக்கணும். நீ குடிக்கிறியா?"

"நம்ம கோயில் பக்கத்துல ஒரு அக்கா போட்டு விக்கிறாங்களே."

"போன வருசம் வாங்குனோமே. காடியாப் போயி, அதுலதான ஊறுகாய் போட்ட."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பாண்டிமீனா வந்தாள். சுவரைப் பார்த்தாள், விசயத்தைக் கேட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதுக்கா இம்புட்டு அழுகை? பைபாஸ் ரோட்டுல ஒரு ஏசி ஒயின்ஷாப் இருக்கு. கூடையைத் தூக்கிட்டு நம்மளே எடுத்துக்கலாம். நாளைக்கு நானும் வாரேன். எனக்கென்ன பயம், எங்க மாமியா எங்கூடப் பேசியே ரெண்டு வருசமாச்சு."

மறுநாள் மத்தியானம், பாப்பாவை ஜினோவிடம் விட்டுவிட்டு, பாண்டிமீனாவின் ஸ்கூட்டியில் போனார்கள். ஆன்மேரி தலையில் ஹெல்மெட். அதற்கு மேல் துப்பட்டா.

"அக்கா, ஹெல்மெட்டைக் கழட்டிக்கங்க," என்றார் கடைக்காரர்.

"வேணாண்ணே, வெயிலு."

"இது ஏசிக்கா."

அலமாரி நிறைய வாயில் நுழையாத பெயர்கள். பன்னிரண்டு வருசம் கான்வென்ட்டில் படித்தவள் எழுத்துக் கூட்டிக்கொண்டு நின்றாள். பாண்டிமீனா நேராகவே கேட்டுவிட்டாள்.

"அண்ணே, இதுல எது நல்லது? வீட்ல போட்டது மாதிரி இருக்கணும்."

"வீட்ல போட்டது மாதிரின்னா வீட்லயே போடலாமே."

"போட்டோம். வெடிச்சிருச்சு."

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு குடிக்க?"

"மாமியார்," என்றது ஹெல்மெட்.

"அப்ப விலையைப் பார்க்காதீங்க. துவர்ப்பு வேணாம், இனிப்பா எடுங்க. வெயில் படுற ஜன்னலோரத்துல இருக்கிறத எடுக்காதீங்க, உள்ள இருட்டுல படுக்க வச்சிருக்கிறத எடுங்க."

இருட்டில் படுத்திருந்ததில் மூன்று பாட்டில் எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒயின் எவர்சில்வர் ஜக்குக்கு மாறியது. காலிப் பாட்டில்கள் பாப்பாவின் டயப்பர் பைக்குள் போயின. சுவரில் ஊதா போகாத இடத்தில் ஜினோ காலண்டர் மாட்டினான். ஒன்று போதவில்லை. மூன்று மாட்டினான்.

சாயங்காலம் மாமியாரும் சொந்தக்காரர்களும் வந்ததும் ஆன்மேரி கேக் வெட்டி, ஒயின் ஊற்றினாள். சொந்தக்காரர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் முகத்தையே பார்த்தார்கள். அவர் டியூப்லைட் வெளிச்சத்தில் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

ஆன்மேரி ஜெபமாலையைத் தேடினாள்.

"ம். குடிங்க."

குடித்தார்கள். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க, உங்களுதைவிட இது அருமை," என்றார் ஒருவர். இன்னொருவர் ஜக்கைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். ஆன்மேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைகால் புரியாமல் இரண்டு பேருக்கு இரண்டு தடவை கேக் வைத்தாள்.

"ஆன்மேரி," என்று மாமியார் எழுந்தார். "அடுப்படிக்கு வா."

கால் தரைக்கு வந்துவிட்டது. போனாள்.

"இது நீ போட்டதில்ல."

"அத்தை, அது வந்து..."

"வீட்ல போட்டா கொஞ்சம் கலங்கித்தான் இருக்கும். இது கண்ணாடி மாதிரி இருக்கு. ரெண்டு திராட்சையைப் பிசைஞ்சு உள்ள விட்டிருக்கக் கூடாதா? நான் அப்படித்தான் செய்வேன்."

ஆன்மேரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அத்தை, நீங்களுமா?"

"மெதுவாப் பேசு. கண் டாக்டரைப் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு, வருசா வருசம் பஸ் ஏறித் திண்டுக்கல் போயி, முக்காடு போட்டுக்கிட்டு வாங்கிட்டு வாரேன். முப்பது வருசத்துல ஒரு தடவைகூட இம்புட்டு நல்ல சரக்கு அமையல."

டீச்சர் ஹாலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். "இப்பச் சொல்லு, எந்தக் கடை?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக் கதவைச் சாத்தி, உள்பக்கம் தாழ் போட்டார்.