பார்னி கொண்டுவந்த பூனை

பூனை வந்துகொண்டிருப்பதாக வயர்லெஸ் சொன்னது.

"ஆரஞ்சு நிறம். கழுத்துல பட்டை இல்ல. வாய் மட்டும் ஓயவே மாட்டேங்குது. இன்னும் பத்து நிமிஷத்துல அங்க இருப்பேன், ஓவர்."

ஆஸ்திரேலியாவின் நல்லார்பர் சமவெளிச் சாலையோரத் திடலில் தங்கியிருந்த, வண்டியையே வீடாக்கி ஊர் சுற்றும் ஏழு வண்டிக்காரர்களும் அதைக் கேட்டார்கள். மாலை ஐந்து மணி. மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு பீருடன் உட்கார்ந்திருந்த நேரம். அவர்கள் கைதட்டியது வண்டிக்குள் இருந்த டெஸ்ஸுக்கும் கேட்டது.

அவர் கைதட்டவில்லை. பயமாக இருந்தது.

நேற்றுக் காலை, நூற்று நாற்பது கிலோமீட்டர் கிழக்கே இருந்த டீசல் பங்கில், கால் மரத்துப்போகிறது என்று வண்டியை விட்டு இறங்கியவர் அவர்தான். வலைக்கதவைச் சாத்தினார். கொக்கியை மாட்டவில்லை.

கண் மங்கி இரண்டு வருடமாகிறது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை. அந்தக் கறைக்குள் கொக்கியும் இருந்தது, அவர்கள் பூனை டாஃபியும் இருந்திருக்க வேண்டும்.

மனைவி நோரீன்தான் வண்டி ஓட்டுகிறவள். மாலையில் இந்தத் திடலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், தட்டில் வைத்த மீன் அப்படியே இருப்பதைப் பார்த்தாள்.

கண் திறக்காத குட்டியாக இருந்தபோதே சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டி டாஃபியை வளர்த்தவள் அவள். வீட்டை விற்று இந்த வண்டியை வாங்கப் போனபோதும், 'பூனை உட்கார ஜன்னலோரம் இடம் இருக்கிறதா' என்றுதான் முதலில் கேட்டாள்.

ஆனால் டெஸ்ஸை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் டீத்தூளைச் சிந்தியதற்கும், வரைபடத்தைத் தப்பாக மடித்ததற்கும் பிடிபிடியென்று பிடித்தவள், பூனையைத் தொலைத்ததற்கு வாயே திறக்கவில்லை. நேற்றிலிருந்து டெஸ்ஸுக்குச் சோறு இறங்காததற்கு அதுதான் காரணம்.

வயர்லெஸ்ஸில் மட்டும் பேசினாள். செய்தி வண்டிக்கு வண்டி தாவிக் கிழக்கே போனது. 'நீங்க அலைய வேணாம், அந்தப் பக்கம் போறவங்க பாத்துக்குறோம்' என்று முகம் தெரியாத யார் யாரோ சொன்னார்கள்.

அப்படி ஒரு ஆள்தான் பார்னி. கிழக்கே போய்க்கொண்டிருந்தவர், பங்கின் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் பூனையைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பியிருந்தார். அட்டைப்பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"கையெல்லாம் பிராண்டி வெச்சிருக்கு. உங்க செல்லத்துக்குக் கொஞ்சம் மரியாதை சொல்லிக்கொடுங்க!"

நோரீன் பெட்டியைத் திறந்தாள்.

ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் சத்தமே இல்லை. டெஸ்ஸுக்குத் தெரிந்ததெல்லாம் ஆரஞ்சாக ஒரு கலங்கல்தான்.

"டாஃபிதான்," என்றாள் நோரீன். "டெஸ், நம்ம டாஃபியேதான். இந்தா, பிடி."

மடியில் வைத்துவிட்டு, டீ போடுகிறேன் என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்னியை வெளியே இருந்தவர்கள் இழுத்துப் போய்க் கையில் பீரைக் கொடுத்தார்கள். வயர்லெஸ்ஸில் ஒருவர், "பூனை கிடைச்சாச்சு, இனிமே யாரும் தேட வேணாம்," என்று சாலை முழுவதற்கும் அறிவித்தார்.

டெஸ்ஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தலையைத் தடவினார். முதுகைத் தடவினார். வயிற்றுக்கு வந்ததும் கை நின்றது.

வயிறு இறுகிப் பெருத்திருந்தது. உள்ளே ஏதோ புரண்டது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று உதைத்தது.

அடுப்பருகே நோரீன் கெட்டிலைத் தேவைக்கு மேல் உருட்டிக்கொண்டிருந்தாள்.

பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தார். டாஃபிதான் என்று பொய் சொன்னது, அவரை மன்னித்ததாகச் சொல்ல நோரீனுக்குக் கிடைத்த வழி, வாங்கிக்கொண்டால் ஆயிற்று. ஆனால் வாங்கிக்கொண்டால் டாஃபியை இனி ஒருவரும் தேட மாட்டார்கள். அவளும் தேட மாட்டாள்.

"நோரீன்," என்றார். "டாஃபி ஆம்பளைப் பூனைதானே?"

கெட்டில் சத்தம் நின்றது.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கைக்கு அருகே தன் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே உதைத்தது அவளுக்கும் தெரிந்தது.

"நான் மூஞ்சியை மட்டும்தான் பார்த்தேன்," என்றாள்.

"காலைல வண்டியைத் திருப்பு. பங்குக்குப் போய்த் தேடுவோம். பார்னிகிட்ட மட்டும் மூச்சு விடாதே, பாவம், எவ்ளோ தூரம் திரும்பி வந்திருக்கான்."

நோரீன் தலையசைத்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒரு கொக்கி, டெஸ்!" திடீரென்று ஆரம்பித்தாள். "ஒரே ஒரு கொக்கி! கண்ணு தெரியலைன்னா தடவிப் பாத்து மாட்ட வேண்டியதுதானே? இல்ல, என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டியதுதானே? அதுலயும் உனக்கு வீறாப்பு, பாழாப்போன கிழவா!"

அதோடு விடவில்லை. அவர் கண் மருத்துவரிடம் போகாமல் கடத்திய வருடத்தை இழுத்தாள். அவருடைய அம்மாவின் பிடிவாதத்தை இழுத்தாள். வெளியே பீர் வட்டத்தில் பேச்சு அடங்கிப்போனது.

அவள் திட்டத் திட்ட டெஸ்ஸுக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

எல்லாவற்றையும் திட்டி முடித்த பிறகுதான் அவள் டாஃபிக்காக அழுதாள்.