பேசாத உறவுக்கு ஒரு போன்

"உங்களோட பேச்சுவார்த்தை இல்லாத ஒருத்தர் உங்க எல்லாருக்கும் இருப்பாங்க. இப்பவே, இங்க உக்காந்தபடியே அவுங்களுக்குப் போன் போடுங்க."

மேடையில் 'பண்பின் சிகரம்' செந்தமிழ்ச்செல்வன் இரண்டு கைகளையும் விரித்தார். சிகரம் என்பது அவருக்கு அவரே வைத்துக்கொண்ட பட்டம். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் தனியார் பள்ளி ஆசிரியைகளை அள்ளிக்கொண்டு வந்து, சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்திருந்தார்கள். தலைமைப் பண்பை வளர்க்கிறார்களாம். காலையிலிருந்து வளர்ந்தது பசி மட்டும்தான்.

கடைசி வரிசையில் இருந்த வினோதினி பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருப்பதோ ஒரே அண்ணன். அவரானால் வரவே மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். பத்திரிகையில் அவர் பெயர் பங்காளிகள் பெயருக்கெல்லாம் கீழே, கடைசியில் வந்துவிட்டதாம்.

வேறு பத்திரிகை அடிக்கிறோம் என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் வீட்டு வாசலில் நின்று அழுதும் பார்த்தாள். கதவைத் திறக்க அண்ணிக்குக்கூட உத்தரவு இல்லை. ஒன்றுவிட்ட மாமன் யாரையாவது வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்றான் புருஷன். கூடப் பிறந்தவர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருத்தர் மடியா என்று அவளுக்கு மனசு ஆறவில்லை.

"தலைவன்னா யாரு? கடைசி ஆளா நிக்கத் தெரிஞ்சவன்தான் தலைவன்," என்றார் சிகரம். மண்டபம் கை தட்டியது. தனக்கும் ஒரு காலத்தில் கோபம் ஜாஸ்திதான் என்றும், அதையெல்லாம் தூக்கிக் கடாசியாகிவிட்டது, இன்று தனக்குப் பேசாத உறவு என்று ஒருவருமே கிடையாது என்றும் அடுத்து அளந்தார். அதற்கும் கை தட்டினார்கள்.

அங்கங்கே போன்கள் காதுக்கு ஏறின. முன்வரிசையில் ஒருத்தி மாமியாரிடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள். பக்கத்து நாற்காலி ஜோதி மேரி, வினோதினியின் பள்ளியிலேயே வேலை பார்ப்பவள், காதுகுத்து விவகாரம் அறிந்தவள், அவள் தோளை இடித்தாள்.

"நீங்களும் போடுங்க டீச்சர். உங்க அண்ணன் மனசு எளகினாலும் எளகும்."

"இப்ப எடுத்தா உண்டு. இப்பவும் எடுக்கலன்னா, இனிமே எப்பவும் கெடையாது," என்றாள் வினோதினி. பாடலீசுவரரை வேண்டிக்கொண்டு எண்ணை அழுத்தினாள். மாமா மடியில்தான் உட்காருவேன் என்று காலையில்கூட அந்தக் குழந்தை சொல்லியிருந்தது.

மண்டபமே ஆளாளுக்குப் பேசிக் கசமுசாவென்று இருந்தபோது, மேடையில் மைக்குக்குப் பக்கத்தில் கிடந்த செல்போனும் சேர்ந்து அலறியது. சிகரம் குனிந்து பார்த்தார். சட்டென்று ஒரு தட்டுத் தட்டி அதைக் கவிழ்த்து வைத்தார்.

"பாத்தீங்களா? மேடைக்கு வந்தா மொதல்ல போனை சைலண்ட்ல போடணும். நான் மறந்துட்டேன். தப்பை சபையில ஒத்துக்குறதும் ஒரு பண்புதான்."

கை தட்டல் கூரையைப் பிளந்தது. அந்த இரைச்சலில் ஜோதி மேரி காதருகே குனிந்து, அண்ணன் எடுத்தாரா என்று கேட்டாள்.

வினோதினி போனைப் பைக்குள் போட்டாள்.

"கட் பண்ணிட்டாரு. அதுக்குத்தான் இப்ப எல்லாரும் கை தட்டுறாங்க."