சேவலின் வரவேற்பு

அந்தச் சேவல் இப்போது கூவுவதேயில்லை.

பள்ளிக்கூடக் குழுத் தேர்தலில் நின்றபோது, "பருந்து வந்தா பதுங்கிக்கக் குஞ்சுகளுக்குச் சொல்லித்தருவேன்" என்றுதான் அது ஓட்டுக் கேட்டது. ஜெயித்ததும் மாவட்டப் பதவிமேல் கண் போனது. அதைத் தரக்கூடிய மயில் தலைவர் பள்ளிக்கு வரும்போதெல்லாம் சேவல் குஞ்சுகளை வெயிலில் வரிசையாக நிறுத்தும். தான் கூவியதும் அவை சிறகு தட்டி வரவேற்க வேண்டும். அதைப் பழக்கவே பள்ளி நேரம் சரியாகப் போனது.

"அண்ணே, பதுங்குற பாடம் எப்போ?" என்று வெள்ளைக்கோழி கேட்டது.

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், தங்கச்சி."

பதவி கிடைத்து, மாலையும் கழுத்துமாகச் சேவல் பள்ளிக்கு வந்த அன்று, மைதானத்தில் பருந்தின் நிழல் விழுந்தது. சேவல் பதறிப்போய்க் கூவியது.

குஞ்சுகள் ஓடிவந்து வரிசையில் நின்று, வானத்தைப் பார்த்துச் சிறகு தட்டின. வெள்ளைக்கோழியின் குஞ்சுதான் எல்லோருக்கும் முன்னால் நின்றது.