டாக்டோரா ஒசோரியோவின் வாய்

"மனுஷியா இவ? கொஞ்சமாவது ஈரம் வேண்டாம்?" என்று பல்லைக் கடித்தான் டிண்டோ.

செபு நகரத்தில் எங்கள் மருத்துவக் கல்லூரி. மூன்றாம் மாடி வராந்தா பெஞ்சில் நாங்கள் நாலு பேர். மூடிய கதவுக்குப் பின்னால் மருந்தியல் வாய்மொழித் தேர்வு. உள்ளே பேராசிரியை டாக்டோரா ஒசோரியோவிடம் மாட்டிக்கொண்டிருந்தவள் ஜோனலின்.

அவளுக்கு இது மூன்றாவது முறை. இதிலும் கோட்டை விட்டால் உதவித்தொகை போச்சு. பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான சிகிஹோர் தீவுக்குப் படகு ஏற வேண்டியதுதான்.

தேர்வு வைப்பவர்களுக்கு மாணவர்கள் சாப்பாடு கொண்டுபோவது எங்கள் வழக்கம். மற்றவர்கள் தின்ற நன்றிக்காவது பாஸ் போடுவார்கள். டாக்டோரா அப்படியில்லை. பான்சிட் நூடுல்ஸை ஒரு இழை விடாமல் வழித்துச் சாப்பிடுவார். கொண்டுவந்தவனை ஃபெயிலாக்குவார். போகும்போது "உப்பு பத்தலைப்பா" என்பார். அவ்வளவு தங்கமான மனசு.

இன்றைக்கும் வாய் நிறைய பான்சிட்டோடுதான் ஒவ்வொரு கேள்வியும் கேட்டார். எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. விழுங்கிய பிறகு வந்ததெல்லாம் தெருமுனை வரை கேட்டது.

"என்னம்மா இது, கை இப்படித் தந்தியடிக்குது? தட்டைத் தொட்டுடாதே, நூடுல்ஸ் சிந்திடும்!"

ஜோனலினின் குரல் வெளியே வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாலே அவள் பேசுவது கேட்காது.

"ம், அப்புறம்? மூஞ்சி ஏன் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப் போச்சு? ரத்தமெல்லாம் லீவுல போயிடுச்சா?"

"அடிப்பாவி, ரசிச்சு ரசிச்சுக் குத்தறாளே!" என்றாள் என் பக்கத்திலிருந்த லுஸ்விமின்டா.

"அப்புறம்? நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சா? உன் நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்குது, போ! கண்ணு என்ன, ஆந்தைக் கண்ணு மாதிரி விரியுது? நான் என்ன பேயா?"

"ஆமா," என்றான் டிண்டோ, கதவைப் பார்த்து, மெதுவாக. "டீன் கிட்ட எழுதிக் கொடுத்துடுவோம். ஏழைப் பொண்ணுன்னா இளப்பமா? நாலு பேரும் கையெழுத்துப் போடணும், சொல்லிட்டேன்."

எனக்கும் ரத்தம் கொதித்தது. கட்டாயம் போடுகிறேன் என்றேன்.

அப்போது உள்ளே நாற்காலி தள்ளப்படும் சத்தம்.

"கைக்குள்ள என்ன? திற. திறங்கிறேன்! ஓஹோ, வெளியில மருந்துக்கடை நடக்குதா?"

டிண்டோவுக்கு முகம் தொங்கிப்போனது. அவன் அப்பா பெரிய டாக்டர். வீட்டிலிருந்து ஒரு அட்டை ப்ரொப்ரானலால் எடுத்துவந்திருந்தான். கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு எல்லாவற்றையும் அடக்கும் மாத்திரை. எங்களுக்கு ஆளுக்கு ஒன்று தானம். உள்ளே போகும்போது ஜோனலின் கையிலும் ஒன்றைத் திணித்து, "முழுங்கிட்டுப் போ, ஒண்ணும் ஆகாது" என்று தட்டிக்கொடுத்திருந்தான்.

"பாவம்னு ஒரு மாத்திரை கொடுத்தேன். அதையும் பிடுங்கிட்டாளே!" என்று புலம்பினான்.

உள்ளே இன்னும் ஓயவில்லை.

"அந்தப் பைக்குள்ள பிதுங்குறது என்ன? எடு வெளியே. மேஜை மேல வை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நல்லாப் பாரு. என்னைப் பார்க்காதே, அதைப் பாரு! இப்பவாவது மண்டையில ஏறுதா?"

பிறகு கதவு திறந்தது. ஜோனலின் கண்ணெல்லாம் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தாள்.

லுஸ்விமின்டா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "விடுடி. அவ நாசமாப் போக! டீன் கிட்ட எல்லாரும் போறோம்."

"எதுக்கு?" என்றாள் ஜோனலின். "நான் பாஸ்."

லுஸ்விமின்டா கட்டியிருந்த கையை எடுத்தாள்.

"பயந்து போன மனுஷனுக்கு உடம்புல என்னென்ன நடக்கும்னு முதல் கேள்வி. எனக்கு எல்லாமே மறந்துபோச்சு. அவங்க என்னை ஒவ்வொண்ணாத் திட்டினாங்க. திட்டினதையே நான் திருப்பிச் சொன்னேன். கை நடுங்கும், முகம் வெளுக்கும், வாய் காயும்னு. ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டி 'அப்புறம்?'னாங்க."

டிண்டோ கிட்டே வந்தான். "அப்ப மாத்திரை?"

"அதை அடக்குற மருந்து ஒண்ணு சொல்லுன்னு ரெண்டாவது கேள்வி. பேரு வரலை. கையைத் திறக்கச் சொன்னாங்க."

"அப்பாடா! பார்த்தியா, என் மாத்திரைதான் உன்னைப் பாஸ் பண்ண வச்சுது!" டிண்டோவுக்கு உயிர் வந்தது. எங்கள் முதுகையெல்லாம் தட்டினான். "மூணாவது கேள்வி என்ன?"

ஜோனலின் பையைத் திறந்தாள். அதிலிருந்து, சின்ன வயசிலிருந்து அவள் கூடவே இருக்கும் ஆஸ்துமா பம்பை எடுத்து, இரண்டு தடவை இழுத்து, மூச்சு சீராகும் வரை காத்திருந்தாள்.

"'இந்த மாத்திரையை யார் தின்னா மூச்சு நின்னு சாவாங்க?'ன்னு கேட்டாங்க, டிண்டோ. வாய் காய்ஞ்சு போய் என்னால அதை முழுங்க முடியலை."