களிச் சட்டி

"எலி கிலி ஏதாச்சும் செத்துக் கெடக்கா உன் வீட்டுல?"

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார் மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா. கீழே குடியிருக்கும் தையல்காரி மெஷினை விட்டு எழுந்து ஓடி வந்தாள்.

"இல்லைம்மா, மரவள்ளிக் கிழங்கு. கசப்புக் கிழங்கு, மூணு நாள் ஊறிப் புளிச்சாத்தான் விஷம் போகும். இன்னிக்கு இடிச்சுக் களி கிண்டிட்டேன். சாயங்காலத்துக்குள்ள வாடை போயிடும்."

"சாயங்காலமா? என் சம்பந்தியம்மா மத்தியானமே வர்றாங்க! பெரிய இடம். களி திங்கிற வீட்டுக்கா பொண்ணைக் கொடுத்தோம்னு நினைக்க மாட்டாங்க? உனக்குப் பத்துத் தடவை சொல்லியாச்சு. இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிடு."

தையல்காரி மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மெஷினையும் ரெண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? அன்று அவள் தைத்த ரவிக்கையெல்லாம் கோணல்மாணல்.

சாப்பாட்டு வேளை முடிந்து மாடி அடங்கியதும், யாரோ பின்கதவை மெல்லத் தட்டினார்கள்.

பட்டுப் புடவையில் ஒரு அம்மாள்.

"நான்தான் மேல வந்திருக்கிற சம்பந்தி. கார்லேர்ந்து இறங்கும்போதே வாடை வந்துச்சு. களிதானே?"

"மன்னிச்சுக்கங்கம்மா..."

"மன்னிப்பு கெடக்கட்டும், ஒரு தட்டு போடு. மேல முள்கரண்டியால குத்திக் குத்திச் சாப்பிட வச்சாங்க. பாதி வயிறுகூட நிறையலை."

ஒரு தட்டு ரெண்டாகி, சட்டியே வழித்தெடுத்தது போலச் சுத்தமானது. விரலைச் சூப்பியபடி சம்பந்தியம்மா எழுந்தார்.

"மேல மூச்சு விட்டுடாதே. அவங்க பெரிய இடம். என் மானம் போயிடும்."

தையல்காரி இன்னும் தட்டைக்கூடக் கழுவவில்லை. மறுபடியும் பின்கதவு.

இந்தத் தடவை வீட்டுக்காரம்மா. முந்தானைக்குள் ஒரு கிண்ணம்.

"சம்பந்தியம்மா காலாற நடந்துட்டு வரேன்னு வெளிய போயிருக்காங்க. சட்டுனு கொஞ்சம் களி போடு. காலையிலேர்ந்து அந்த வாடை என்னை ஒரு வேலை செய்ய விடலை."

தையல்காரி வெறும் சட்டியைச் சாய்த்துக் காட்டினாள்.

"அவ்வளவும் தீர்ந்துடுச்சா?" வீட்டுக்காரம்மாவின் முகம் தொங்கிப்போனது. "சரி, நாளைக்கே மறுபடி ஊறப் போடு."

"வீட்டைக் காலி பண்ணச் சொன்னீங்களேம்மா..."

"நீ காலி பண்ணிட்டா களியை யாரு கிண்டறது?" என்றவர், சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா கிழங்கு ஊறுற வாளியை நல்லா மூடி வை. சம்பந்தியம்மாவுக்கு இந்த வாடையே ஆகாது!"