குரல் வேறு, கை வேறு

“தேங்க்ஸ் சார்” என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அறையிலிருந்து வெளியே வந்தாள்.

எதற்குச் சொன்னாள்?

நேராகக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். முகம் கழுவவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் வேண்டியிருந்தது.

மேனேஜர் ஞானவேல் சார் கூப்பிட்டது வேலைக்காகத்தான். டைல்ஸ் கொட்டேஷனில் ஒரு திருத்தம். தன்னுடைய நாற்காலியிலேயே அவளை உட்காரச் சொன்னார். “நீயே மாத்திடும்மா.” பின்னால் நின்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார்.

ஹாலுக்கு வெளிர் சாம்பல். ரெண்டுக்கு ரெண்டு.

அப்போது கை வந்தது.

தோளில் வைத்த கை தோளிலேயே இருந்திருந்தால் ஒன்றுமில்லை. இது இறங்கியது. கழுத்தெலும்பைத் தாண்டியது. கட்டைவிரல் சுடிதாரின் ஓரத்துக்குள் போனது. அங்கேயே நின்றது. பிறகு மெல்ல அசைந்தது.

குரல் மட்டும் மாறவே இல்லை.

பாத்ரூமுக்கு வழுக்காத டைல். சமையலறைக்கு ஐவரி.

குரல் ஒருவருடையது, கை வேறொருவருடையது என்பது போல இருந்தது. அவள் குரலைப் பிடித்துக்கொண்டாள். அது சொன்னதையெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தாள்.

“அவ்வளவுதாம்மா” என்றது குரல். கை போய்விட்டது.

அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவர் இவர். டாக்டர் வந்து பார்க்கும்வரை நாற்காலியில்கூட உட்காரவில்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு இவருடைய மனைவி டப்பா நிறையக் கொழுக்கட்டை கொடுத்தனுப்புவார்.

மவுஸை எடுக்கக் கையை நீட்டியிருப்பாரோ?

மவுஸ் வலப்பக்கம் இருந்தது. கை வந்தது இடப்பக்கம்.

குனிந்து படிக்கப் பிடிமானம் தேடியிருப்பாரோ? துப்பட்டா நழுவியிருந்ததோ?

கண்ணாடியில் பார்த்தாள். துப்பட்டாவில் காலையில் குத்திய ஊக்கு, குத்திய இடத்திலேயே இருந்தது.

பிடிக்காதவள் எழுந்து வந்திருக்க மாட்டாளா? உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டா இருப்பாள்? யாரும் இன்னும் அவளை எதுவும் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொண்டிருந்தாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள். குழாயை மூடிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

பக்கத்து மேசையில் ஜெசிந்தா அக்கா. கடை திறந்த நாளிலிருந்து பில்லிங் பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, உதடு அசைவது தெரியாமல் கேட்டார்.

“எடது தோளா?”

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. நடந்திருக்கிறது. பிரமை இல்லை.

நிம்மதிப்பட்டதை நினைத்து உடனே அருவருப்பாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் கோபம். அதுவும் சார் மேல் இல்லை, ஜெசிந்தா அக்கா மேல்.

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?”

ஜெசிந்தா அக்கா விசைப்பலகையில் கை வைத்தபடி இருந்தார். எதையும் அடிக்கவில்லை.

“என்னன்னு சொல்றது? எனக்கே தெரியல, அது அதுதானான்னு. என் கல்யாணத்த முன்ன நின்னு நடத்தி வெச்சவருடீ.”

இருவருக்கும் எதிரே பவதாரணி உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தவள். கல்லூரி முடித்த கையோடு வந்தவள். வாட்ச்மேனிலிருந்து எல்லோருக்கும் தனித்தனியாகக் குட்மார்னிங் சொல்கிறாள். இப்போது டைல் மாதிரிகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா அக்காவின் மேசையில் இன்டர்காம் அடித்தது.

எடுத்தார். கேட்டார். வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பவதாரணி, சார் கூப்பிடுறாரு. கொட்டேஷன்ல ஏதோ மாத்தணுமாம்.”

“இதோக்கா.” கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண் எழுந்தாள். முதல் வாரத்திலேயே சாரே கூப்பிடுகிறார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

என்ன சொல்லி நிறுத்துவது? சார் நல்லவர் என்றா? நல்லவர் இல்லை என்றா? எதற்கும் அவளிடம் சாட்சி இல்லை. உள்ளே போய் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. ஆனால் அவளும் எழுந்து நின்றுவிட்டிருந்தாள்.

“இரு பவதாரணி. நானும் வர்றேன்.”

“கொட்டேஷனுக்குத்தானேக்கா. நீங்க எதுக்கு?”

அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு பவதாரணியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவளுக்குப் பின்னால் ஜெசிந்தா அக்காவின் நாற்காலி தரையில் உரசி நகரும் சத்தம் கேட்டது.