கம்பியைப் பிடித்த கைகள்

கைக்குழந்தைக்கு அனுமதியில்லை என்றார்கள். “நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்” என்று பரிதி குழந்தையை வாங்கிக்கொண்டான். குழந்தை பிறந்த நான்கு மாதத்தில் முதல்முறையாக வெறுங்கையோடு, தேன்மொழி ரோலர் கோஸ்டரில் ஏறினாள். இறங்கி வந்தபோது, வண்டி உச்சியிலிருந்து சரியும் கணத்தில் எடுத்த படம் போட்டோக் கடைத் திரையில் தெரிந்தது. எல்லோரும் கைகளை உயர்த்திக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் கைகளை மடித்து, ஒரு உள்ளங்கையால் இல்லாத தலையொன்றைத் தாங்கியிருந்தாள். “என்னடி, கம்பியப் பிடிக்காம என்ன பண்ணிட்டிருந்த?” “கம்பியத்தாங்க பிடிச்சிருந்தேன்.” தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி பரிதி சிரித்தான். தேன்மொழி திரையை நெருங்கிப் பார்த்தாள். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு பெண். அவளும் கத்தவில்லை. தேன்மொழியின் மடித்த கைகளுக்குள் குனிந்து, விரலை ஆட்டி வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள்.